முதலில் யார் லைனில் வருவது

அந்த அட்டைப்பெட்டிக் கம்பெனிக்கு முதலாளிகள் இரண்டு பேர். ஒரே தாய் வயிற்றில் பிறந்த அண்ணன் தம்பி. அண்ணனைப் பெரியவர் என்றும் தம்பியைச் சின்னவர் என்றும் ஊழியர்கள் அழைத்தார்கள். இருவரையும் சேர்த்துச் சொல்ல வேண்டி வந்தால் வேறு சொற்கள் வைத்திருந்தார்கள். அவை அச்சில் ஏறாதவை. பெரியவர் நகரத்துக்குள் தலைமை அலுவலகத்தில் உட்கார்ந்து விற்பனையைப் பார்த்தார். சின்னவர் நகரத்தின் விளிம்பில், ஆலைக்குள், குளிரூட்டிய கண்ணாடி அறையில் உட்கார்ந்து உற்பத்தியைப் பார்த்தார். இரண்டு கட்டடத்துக்கும் நடுவே தொலைபேசிக் கம்பி ஓடியது. அந்தக் கம்பியின் நடுவில், தலைமை அலுவலகத்து மாடிப்படிக்குக் கீழே, ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள்.

ஆலைக்காரர்கள் அவளை ஹலோக்கா என்றார்கள். வயதில் மூத்தவர்களும் அப்படித்தான் சொன்னார்கள். பள்ளிப் படிப்பை முடித்துத் தட்டச்சும் படித்துவிட்டு வேலை கேட்டு அவள் வந்த அன்று, அப்போது உயிரோடிருந்த பழைய முதலாளி, இந்தச் சகோதரர்களின் அப்பா, "ஹலோ சொல்லும்மா பார்ப்போம்" என்றார். சொன்னாள். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். "நாளையிலிருந்து வா" என்றார். சான்றிதழைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. ஒரு மனுஷியின் படிப்பு, புத்தி, பொறுமை எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டுத் தொண்டையை மட்டும் வாடகைக்கு எடுத்தார்கள்.

முகம் தெரியாத இந்தக் குரலை ஆலையில் ஒருவன் விடாமல் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். காகிதத்தை இரண்டு சூடான உருளைகளுக்கு நடுவே விட்டு நெளி நெளியாக மடிக்கும் இயந்திரத்தை ஓட்டுபவன். உருளைக்காரன் என்று பெயர். ஒரு நாள் துணிந்து, "நீங்க பார்க்க எப்படி இருப்பீங்க?" என்று கேட்டுவிட்டான்.

"நீங்க கையில பிடிச்சிருக்கிற போன் மாதிரி. கருகருன்னு."

"நல்லதாப் போச்சு. இதைத்தான் நான் தினமும் காதோட ஒட்டி வச்சிருக்கேன்."

இரண்டு வீட்டாரும் முறைத்துக்கொண்டு நிற்க, பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டுக் கல்யாணம் செய்துகொண்டார்கள். நேரம் பார்க்கவில்லை, நாள் பார்க்கவில்லை. அலுவலகம் திறந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்தார்கள். நன்றாகத்தான் வாழ்ந்தார்கள்.

ஹலோக்காவின் வேலையில் பெரும் பகுதி, வெளியுலகம் நினைப்பது போல, வருகிற அழைப்புகளை உரியவருக்குக் கொடுப்பது அல்ல. இந்த இரண்டு சகோதரர்களையும் பேச வைப்பதுதான். அதில் ஒரு சிக்கல் இருந்தது.

பெரிய மனிதர்கள் தொலைபேசியில் பேசிக்கொள்வதற்கு ஒரு விதி உண்டு. எந்தச் சட்டப் புத்தகத்திலும் அது கிடையாது. எந்தச் சட்டத்தையும் மதிக்காதவர்கள்கூட அதை மதிப்பார்கள். யார் முதலில் லைனில் வந்து காத்திருக்கிறாரோ அவர் தாழ்ந்தவர். யாருக்காகக் காத்திருக்கிறாரோ அவர் உயர்ந்தவர். ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு இரண்டு மூச்சு நேரம் சும்மா இருந்தால் குலம் கோத்திரம் முழுகிவிடும் என்று நம்புகிற பிறவிகள் இவர்கள். பெரியவர், "மூத்தவன் நான், அவன் முதல்ல வரட்டும்" என்பார். சின்னவர், "பங்கு சரிபாதி, ஆலை என் கையில. அவர் வரட்டும்" என்பார். அப்பா இறந்தபோது, செய்தியை யார் யாருக்குச் சொல்வது என்பதிலேயே ஒரு பகல் போயிற்று.

ஹலோக்கா இதற்கு ஒரு வழி வைத்திருந்தாள். பெரியவரிடம், "ஐயா, சின்னவர் லைன்ல காத்துட்டிருக்காரு" என்பாள். அதே மூச்சில் சின்னவரிடம், "ஐயா, பெரியவர் லைன்ல காத்துட்டிருக்காரு" என்பாள். பழைய இணைப்புப் பலகையில் இரண்டு விசைகளையும் இரண்டு விரலால் ஒரே சமயத்தில் தட்டிவிடுவாள். இருவரும் ஜெயித்த குரலில் "ம்ம், சொல்லு" என்று ஆரம்பிப்பார்கள். கம்பெனி நடந்ததே இந்தப் பொய்யின் மேல்தான். அந்த இரண்டு விரல்கள் இல்லையென்றால் ஓர் அட்டைப்பெட்டிகூட வெளியே போயிருக்காது.

பிறகு டிஜிட்டல் தொலைபேசி வந்தது.

டை கட்டிய விற்பனைக்காரர் ஒருவர் வந்து, மேசை மேல் கருவிகளைப் பரப்பி, நல்ல விஷயங்களைத்தான் சொன்னார். இரண்டு கட்டடமும் இனி ஒரே இணைப்பகம். யார் கூப்பிடுகிறார் என்று திரையில் பெயர் வரும். ஆள் இல்லாவிட்டால் குரல் பெட்டி செய்தியை வாங்கி வைக்கும். பல பேர் ஒரே நேரத்தில் கூடிப் பேசலாம். பேச்சைப் பதியலாம். ஒரு பொத்தானை அழுத்தினால் ஆலைத் தளத்தின் குழாய் ஒலிபெருக்கிகள் எல்லாவற்றிலும் அறிவிப்புச் செய்யலாம். ஒவ்வொரு கருவியிலும் வரிசையாகச் சிறு விளக்குகள். எவர் பேசுகிறாரோ அவர் விளக்கு சிவப்பாக எரியும். "இனிமே யாரும் யாருக்காகவும் காத்திருக்க வேண்டாம் சார்" என்றார். பாவம், எந்த வீட்டில் எதைச் சொல்கிறோம் என்று அவருக்குத் தெரியவில்லை.

இந்த அற்புதத்தைக் கையில் வாங்கிய சகோதரர்கள் முதலில் செய்தது, எண்ணுக்காகச் சண்டை போட்டது. எண் பார்த்துச் சொல்லும் ஆசாமி ஒருவன் பெரியவருக்கு ஒன்பது என்று குறித்துக் கொடுத்தான். அதே ஆசாமி சின்னவருக்கும் ஒன்பது என்றே குறித்துக் கொடுத்தான். இருவரிடமும் தட்சணை வாங்கிக்கொண்டான். ஓர் இணைப்பகத்தில் ஒரே எண்ணை இரண்டு பேருக்குத் தர முடியாது என்று பொருத்த வந்தவர் மன்றாடினார். "கம்ப்யூட்டர் ஒத்துக்காது சார்."

"காசு குடுக்கிறது நானா, கம்ப்யூட்டரா?"

கடைசியில், இலக்கங்களைக் கூட்டினால் ஒன்பது வருகிற மாதிரி ஆளுக்கொரு எண் கொடுத்தார். அதன் பிறகு, யார் கருவியில் பொத்தான் அதிகம் என்று எண்ணிப் பார்த்துச் சண்டை. காத்திருப்பவர்கள் காதில் விழ வேண்டிய இசைக்குப் பதிலாகப் பெரியவர் கம்பெனியின் பெருமையைத் தன் குரலிலேயே பேசிப் பதியவைத்தார். நிறையப் பேர் அதைக் கேட்டவுடன் வைத்துவிட்டார்கள்.

இன்னொன்றும் செய்தார்கள். ஒவ்வொரு கருவிக்கும் ஒரு தரம் கொடுக்கலாம் என்று தெரிந்ததும் இருவர் முகமும் மலர்ந்தது. சண்டையில்லாமல் அவர்கள் ஒத்துப்போனது இதில் மட்டும்தான். மேனேஜர்கள் வெளியூர் வரை பேசலாம். எழுத்தர்கள் உள்ளூர் மட்டும். ஆலைத் தளத்தில் அத்தனை தொழிலாளிகளுக்கும் தூணில் ஒரே ஒரு போன். அதிலிருந்து வெளியே பேச முடியாது, முதலாளிகளைக் கூப்பிட முடியாது, மருத்துவமனையைக்கூட கூப்பிட முடியாது. ஆபரேட்டரை மட்டும் கூப்பிடலாம். அந்தப் பேச்சும் பதிவாகும். பெட்டியைப் பிரித்த அன்று அந்த இயந்திரத்துக்கு எல்லா எண்ணும் ஒன்றாகத்தான் இருந்தது. மேல் எது கீழ் எது என்று அதற்குத் தெரியாது. பக்கத்தில் உட்கார்ந்து, பொறுமையாக, பகல் முழுக்கச் செலவழித்துக் கற்றுக்கொடுத்தார்கள். நம் பிள்ளைகளைவிடச் சீக்கிரம் கற்றுக்கொண்டது.

ஹலோக்காவின் பொய் முதல் நாளே செத்தது.

"ஐயா, சின்னவர் லைன்ல காத்துட்டிருக்காரு."

பெரியவர் கருவியைப் பார்த்தார். "அவன் லைட்டு எரியலையே?"

"இதோ வந்துட்டாருங்க."

"வந்தா எரியும். எரிஞ்சா எடுக்கிறேன்."

சின்னவரிடமும் இதே கதை. இரண்டு பெரிய மனிதர்கள், இரண்டு கட்டடங்களில், ஒரு கடுகளவு விளக்கைக் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மற்றவர் விளக்கு எரியட்டும் என்று. அன்றிலிருந்து அண்ணனும் தம்பியும் பேசிக்கொள்ளவே இல்லை. சின்னச் சின்ன விஷயங்களை ஹலோக்கா தானே இங்கே கேட்டு அங்கே சொல்லிச் சமாளித்தாள். சமாளிக்க முடியாதது ஒன்று இருந்தது: வேலை நேரத்தில் எந்த இயந்திரத்தை நிறுத்துவதானாலும், எந்த ஆளை வேலையை விட்டு நிறுத்துவதானாலும் இரண்டு முதலாளிகளும் தங்களுக்குள் பேசி ஒப்புக்கொள்ள வேண்டும். தம்பி வேண்டுமென்றே தன் ஆர்டரைத் தாமதப்படுத்துகிறான் என்று அண்ணனுக்குச் சந்தேகம் வந்த காலத்தில் போட்ட உத்தரவு. பழைய பலகை இருந்த காலத்தில், முன்பிருந்த மேஸ்திரி ஒருவர் புகை வருகிறதே என்று தானாக இயந்திரத்தை நிறுத்தி, அன்றே வாசலுக்கு வெளியே அனுப்பப்பட்டார். இப்போதிருக்கும் மேஸ்திரி சுவிட்சுப் பக்கமே திரும்புவதில்லை.

அன்று காலை தூண் போன் விளக்கு எரிந்தது.

"வணக்கம் மேடம். உருளைப் பிரிவுலருந்து பேசுறேன்."

அவள் புருஷன்தான். பேச்சு பதிவாவதால் இருவரும் இப்படித்தான் பேசுவார்கள். வீட்டில் போய் அதைச் சொல்லிச் சிரிப்பார்கள்.

"சொல்லுங்க சார்."

"மெஷினுக்கு மேல இருக்கிற காப்பு மூடியைக் கழட்டி வச்சிட்டாங்க. மூடி இருந்தா வேகம் வரலையாம்."

"யார் கழட்டச் சொன்னது சார்?"

"கண்ணாடி ரூம்தான். இப்ப அவசரத்துக்கு நிறுத்துற சிவப்பு ஸ்விட்சும் வேலை செய்யல. காகிதம் ஒட்டிக்கிட்டே இருக்கு, கையை விட்டு எடுக்க வேண்டியிருக்கு." கொஞ்சம் நிறுத்தினான். "இப்ப சட்டைக் கையை இழுத்துக்கிச்சு மேடம். சட்டை மட்டும்தான். கிழிஞ்சு போச்சு, அதனால தப்பிச்சேன்."

ஹலோக்கா நிமிர்ந்து உட்கார்ந்தாள். குரலை மாற்றவில்லை. "மேஸ்திரி என்ன சொல்றாரு?"

"முதலாளிங்க வார்த்தை வரணும்கிறாரு. அவரைச் சொல்லி என்ன பண்றது, அவருக்கும் குடும்பம் இருக்கு. அடுத்த தடவை சட்டையோட நிக்காது மேடம். கொஞ்சம் சீக்கிரம் பாருங்க."

"நீங்க அந்த மெஷின் பக்கம் போகாதீங்க சார்."

"நான் போகலேன்னா அடுத்தவன் போவான். அவனுக்குப் பழக்கம் கிடையாது."

வைத்துவிட்டான். ஹலோக்கா சின்னவரைக் கூப்பிட்டாள். விஷயத்தைச் சொன்னாள். அவர் காது கொடுத்துக் கேட்டார். தெரியாதது போல ஒரு "அப்படியா" போட்டார்.

"நிறுத்திடலாம். அவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்கணுமில்ல? லைன்ல வரச்சொல்லு."

பெரியவரைக் கூப்பிட்டாள்.

"அடப்பாவமே. நிறுத்தட்டும், நான் என்ன வேண்டாம்னா சொல்றேன்? அவனை என்கிட்ட கேட்கச் சொல்லு."

"நீங்க சரின்னு சொன்னதா நானே சொல்லிடட்டுங்களா ஐயா?"

"நீ யாரும்மா நடுவுல? அவன் வரட்டும்."

இரண்டு பேரும் ஒப்புக்கொண்டார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். நிறுத்தக் கூடாது என்று சொன்னவர் ஒருவருமில்லை. ஒரு மனிதனின் கை, கொடுமைக்காரன் ஒருவனுடைய கட்டளையால் போவது ஒருவகை. இங்கே போகவிருந்தது, ரிசீவரைத் தூக்க ஆளில்லாமல்.

ஹலோக்கா கூட்டுப் பேச்சுப் பொத்தானை அழுத்தினாள். இரண்டு கருவிகளும் ஒரே நொடியில் ஒலிக்கட்டும், ஒரே நொடியில் எடுக்கட்டும் என்று. ஒலித்தன. இரண்டு பேரும் கருவிக்கு எதிரில்தான் இருந்தார்கள். பெரியவர் அறைக்குள் மணி அடிப்பது மாடிப்படிக்குக் கீழே கேட்டது. அவர் எடுக்கவில்லை, தம்பி விளக்கு எரியட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தார். தம்பியும் அதே வேலையாகத்தான் இருந்தார். மணி அடித்து ஓய்ந்தது. யாரும் எடுக்காததால் குரல் பெட்டிகள் எடுத்துக்கொண்டன.

"வணக்கம். நான் இப்போது இருக்கையில் இல்லை. உங்கள் அழைப்பு எனக்கு மிகவும் முக்கியம்" என்றது அண்ணனின் பதிவுக் குரல்.

"தங்களோடு பேச முடியாமைக்கு வருந்துகிறேன்" என்றது தம்பியின் பதிவுக் குரல்.

ஹலோக்கா காதில் மாட்டியிருந்த கருவியைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். அப்பா செத்த பிறகு இந்த இரண்டு குரல்களும் ஒன்றோடொன்று மரியாதையாகப் பேசிக்கொண்டது அதுதான் முதல் தடவை. இரண்டு பெட்டிகளும் பணிவாகப் பீப் சொல்லிவிட்டு, மற்றது செய்தி சொல்லும் என்று காத்திருந்தன. அவற்றுக்காவது காத்திருக்கத் தெரிந்திருந்தது.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. கிழிந்த சட்டைக் கை கண்ணுக்குள் நின்றது.

இன்னொரு வழி பாக்கியிருந்தது. ஆபரேட்டர் மட்டும், யாரும் ரிசீவரைத் தொடாமலே, எந்தக் கருவியின் ஒலிபெருக்கியையும் திறந்துவிடலாம். அவசரத்துக்கு என்று விற்பனைக்காரர் சொல்லியிருந்தார். முதலாளிகளின் கருவியை அப்படித் திறந்தால் வேலை போகும் என்பது எவரும் சொல்லாமலே தெரிந்தது. ஹலோக்கா இரண்டையும் திறந்து, ஒன்றோடொன்று சேர்த்துவிட்டாள்.

"ஐயா, ரெண்டு பேரும் ஒண்ணா லைன்ல இருக்கீங்க. யாரும் முதல்ல வரல. உருளை மெஷின் மூடியில்லாம ஓடுது. நிறுத்தச் சொல்லிடுங்க."

சின்னவர் அறை வழியாக ஆலையின் உறுமல் மட்டும் கேட்டது. கண்ணாடியால் எவ்வளவு அடைத்தாலும் அந்த உறுமல் அவர் மேசை வரைக்கும் வந்துவிடும்.

"என்னண்ணே," என்றார் சின்னவர், குரலில் தேன் வழிய. "நீங்களே கூப்பிட்டுட்டீங்க."

"நான் எங்கடா கூப்பிட்டேன்? ரிசீவர் வச்ச இடத்துல இருக்கு. உன் குரல்தான் முதல்ல வந்துச்சு."

"உங்க லைட்டுதான் முதல்ல எரிஞ்சுது. நான் கண்ணால பார்த்தேன்."

"பொய் சொல்லாதடா. சின்ன வயசுல இருந்தே இதே புத்தி."

"ஐயா, மெஷின்..." என்றாள் ஹலோக்கா.

"நீ சும்மா இரும்மா!" என்றார்கள் இரண்டு பேரும். அதிலாவது ஒற்றுமை.

"இரு, இதை ரெக்கார்டு பண்றேன்," என்றார் பெரியவர். "நீதான் முதல்ல வந்தேங்கிறதுக்கு சாட்சி வேணும். நாளைக்கு மாத்திப் பேசுவ." ஒரு பொத்தானை ஓங்கி அழுத்தினார்.

ஹலோக்காவின் பலகையில் ஒரு விளக்கு எரிந்தது. பதிவு விளக்கு இல்லை. அதற்குப் பக்கத்து விளக்கு: ஆலைத் தளம் முழுவதற்கும் அறிவிப்பு. அண்ணன் தம்பி பேச்சு இப்போது தூணுக்குத் தூண் குழாய் ஒலிபெருக்கிகளில் போய்க்கொண்டிருந்தது. கண்ணாடி அறைக்குள் இருந்தவருக்கும் அது தெரியாது, நகரத்துக்குள் இருந்தவருக்கும் தெரியாது. உலகத்தில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

கை தானாகத் துண்டிப்பு விசைக்குப் போயிற்று. இவர்கள் உளறுவது வெளியே போகாமல் காப்பதே இத்தனை காலம் அவள் வேலையாக இருந்தது. வாடிக்கையாளர் காதில் விழாமல், வங்கிக்காரர் காதில் விழாமல் எத்தனை தடவை காப்பாற்றியிருக்கிறாள்! விசை மேல் விரலை வைத்தாள். பிறகு கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஒரு உருளைக்காரன் கைக்காக நான் உன்கிட்ட இறங்கி வரணுமா?" என்றார் பெரியவர்.

"அப்ப நான் மட்டும் இறங்கி வரணுமா? கை போனா இன்சூரன்ஸ்காரன் பார்த்துக்குவான். மானம் போனா எவன் பார்ப்பான்?"

"அதைச் சொல்லு. இவனுங்களுக்கு என்ன, ஒருத்தன் போனா வாசல்ல பத்துப் பேர் நிக்கிறான்."

"வேணும்னா நீங்க 'தம்பி, நிறுத்திடு'ன்னு கேளுங்க. நிறுத்துறேன்."

"நீ 'அண்ணே, நிறுத்தட்டுமா'ன்னு கேளு. சரிங்கிறேன்."

"நீங்க கேளுங்க."

"நீ கேளுடா."

அப்போது சின்னவர் அறை வழியாக வந்துகொண்டிருந்த உறுமல் இறங்கியது. இறங்கி, இழுத்து, நின்றுபோனது. அத்தனை வருஷத்தில் பகல் வேளையில் அந்தச் சத்தம் இல்லாமல் ஹலோக்கா ஆலையைக் கேட்டதில்லை. யாரோ ஒருவர் செருமுவதுகூடத் தெளிவாகக் கேட்டது.

"என்னடா அங்க, திடீர்னு சத்தத்தையே காணோம்?" என்றார் பெரியவர். அவர் குரலே ஆலைச் சுவர்களில் மோதி, சின்னவர் அறைக்குள் நுழைந்து, கம்பி வழியாக அவர் காதுக்கே திரும்பி வந்தது.

தம்பிக்குத்தான் முதலில் புரிந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அத்தனை பேரும் கையைக் கட்டிக்கொண்டு அவரையே பார்த்து நின்றிருந்தார்கள். மெயின் சுவிட்சை இறக்கியவர், சுவிட்சுப் பக்கமே திரும்பாத அந்த மேஸ்திரிதான். இறக்கிய கையை எடுக்காமல் அதிலேயே பிடித்துக்கொண்டு நின்றாராம்.

தூண் போன் விளக்கு எரிந்தது. "இருக்கியாம்மா?" என்றான் அவள் புருஷன். மேடமும் இல்லை, ஒன்றும் இல்லை. "நின்னுடுச்சு."

"கை?"

"இருக்கு. பத்து விரலும் எண்ணியாச்சு. நாங்க எல்லாரும் கேட்டோம். மூடி போடாம இனி ஓட்டறதில்லன்னு உட்கார்ந்துட்டோம்."

குரலுக்காகவே வேலைக்கு எடுக்கப்பட்டவளுக்குக் குரல் வரவில்லை.

பெரியவர் தன் அறையை விட்டு எழுந்து மாடிப்படிக்குக் கீழே வந்து நின்றார். அங்கே அவர் வந்ததே கிடையாது. அந்த இடத்தில் ஜன்னல் இல்லை என்பதே அப்போதுதான் அவருக்குத் தெரிந்திருக்கும்.

"நீ ஏன் கட் பண்ணல?"

"ரொம்ப நாள் கழிச்சு ரெண்டு பேரும் பேசிக்கிட்டீங்க ஐயா. நடுவுல வெட்ட மனசு வரல."

"திமிரா? உன்னை வேலையை விட்டுத் தூக்கிட்டேன். கிளம்பு."

ஹலோக்கா கைப்பையைத் தேடவில்லை. "ஆளை நிறுத்துறதா இருந்தாலும் ரெண்டு முதலாளியும் பேசி ஒத்துக்கணும்னு நீங்கதானே ஐயா உத்தரவு போட்டீங்க? சின்னவர்கிட்ட பேசிட்டுச் சொல்லுங்க, போயிடறேன்."

சின்னவரும் அன்றே மேஸ்திரியைத் தூக்க விரும்பினார். அவருக்கும் அண்ணன் சம்மதம் தேவைப்பட்டது.

ஆலை இரண்டு நாள் ஓடவில்லை. ஆர்டர் கொடுத்தவர்கள் கத்த ஆரம்பித்ததும், சொல்லாமல் கொள்ளாமல் ஓர் ஆள் வந்து காப்பு மூடியை மாட்டிவிட்டுப் போனான். சிவப்பு சுவிட்சையும் புதிதாகப் போட்டான். இயந்திரத்தின் மேல் தொழிலாளிகள் பெயின்டால் எழுதினார்கள்: இதை அழுத்த யாரையும் கேட்க வேண்டாம். யாரும் அதை அழிக்கச் சொல்லவில்லை. உருளைக்காரன் முழுக்கை சட்டையை விட்டுவிட்டு அரைக்கைக்கு மாறினான்.

ஹலோக்கா இன்னும் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறாள். அவளை நீக்குவதில் இரண்டு முதலாளிகளுக்கும் முழுச் சம்மதம். அதைச் சொல்லத் தினமும் ஒருவர் மாற்றி ஒருவர் அவளையே கூப்பிடுகிறார்கள்.

"அவன் லைன்ல இருக்கானா?"

"இல்லைங்க ஐயா" என்கிறாள் அவள். முன்பெல்லாம் இருக்கிறார் என்று சொல்லியிருப்பாள். இப்போது சொல்வதில்லை. "அவரும் நீங்க இருக்கீங்களான்னுதான் கேட்டாரு. இல்லைன்னு சொல்லிட்டேன்."